சில்லறைக் காசில் அச்சுப்பிழையையும் இரட்டைப் பதிவையும் கண்டறிவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் சில்லறை ஓரிடத்தில் தங்குவதில்லை. தோவாளைப் பூச்சந்தையில் விடிவதற்கு முன்பே கைமாறும் காசு, வடசேரிச் சந்தைக்கும் குளச்சல் மீன் விற்பனைக்கும் பேருந்து நடத்துநரின் பைக்கும் போய்ச் சேர்கிறது. குமரிமுனைக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பயணிகள் வருவதால், இந்தியாவின் நான்கு நாணயச்சாலைகளில் அடித்த காசுகளும் நம் கைக்கு எட்டுகின்றன. அச்சுப்பிழையுள்ள காசைத் தேடுபவருக்கு இது நல்ல நிலம். ஆனால் தேடத் தொடங்கும் பலர், வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் எந்தக் காசையும் பிழைக்காசு என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள்; அவற்றில் பெரும்பாலானவை நாணயச்சாலையை விட்டு வெளியேறிய பிறகு அடிபட்டவை. ஆகவே ஒரு காசைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வேறுபாடு காசு உருவாகும் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும் என்பதே. அதற்குத் தெளிவான விடை சொல்ல முடியாத காசைப் பிழை என்று கொள்ளக்கூடாது.

காசு உருவாகும் விதம்

உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வெற்று வில்லைகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. அவற்றின் விளிம்பைச் சற்றே எழுப்பி, சூடேற்றி மென்மையாக்கி, கழுவி உலர்த்திய பின்னர் அச்சு இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கீழே ஓர் அச்சும் மேலே ஓர் அச்சும் இருக்கும். வில்லையைச் சுற்றிக் காலர் எனப்படும் எஃகு வளையம் இருக்கும். இரண்டு அச்சுகளும் பெரும் அழுத்தத்துடன் வில்லையை நெருக்கும்போது உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி உருவம் பெறுகிறது; காலர் வளையம் அது பக்கவாட்டில் பரவாமல் தடுத்து ஓரத்துக்கு வடிவம் கொடுக்கிறது. இதன்படி பிழைகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன: வில்லையில், அச்சில், அடிக்கும் நொடியில். இந்த மூன்றிலும் அடங்காதது சேதம்.

அச்சில் உருவம் குழிவாக இருப்பதால், காசில் அது மேடாக வரும். எனவே அச்சில் விழுந்த கீறலோ விரிசலோ காசில் மேடான கோடாகத் தெரியும். காசின் மீதே விழுந்த கீறல் பள்ளமாகத் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கருவிகளும் பார்க்கும் ஒழுங்கும்

நகைப் பட்டறைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதுமானது. அதைவிடக் கூடுதலாகப் பெரிதாக்கினால் சாதாரணத் தேய்மானமும் பெரிய அதிசயமாகத் தோன்றத் தொடங்கும். இத்துடன் 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, வெர்னியர் அளவி, ஒரு காந்தம், நினைத்த பக்கம் திருப்பக்கூடிய சிறு விளக்கு ஆகியவை வேண்டும். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, காசை மெதுவாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இரட்டைப் பதிவின் தன்மை நிழலில்தான் வெளிப்படுகிறது. காசை எப்போதும் ஓரத்தில் பிடிக்க வேண்டும்; முகப்பில் விரல் படக்கூடாது.

முதலில் ஆண்டெண்ணையும் அதற்குக் கீழே உள்ள நாணயச்சாலைக் குறியையும் பார்க்கலாம். பெரும்பாலான காசுகளில் மும்பைக்கு வைரக் குறி, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குச் சிறு புள்ளி; கொல்கத்தாவுக்குக் குறி எதுவும் இல்லை. குறி இல்லாத காசைக் கண்டதும் "குறி விடுபட்ட பிழை" என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது கொல்கத்தாவின் வழக்கமான காசு.

அடுத்தது இரு பக்கங்களின் பொருத்தம். சிங்கத் தலை நிமிர்ந்து நிற்கும்படி காசைப் பிடித்து, புத்தகத்தின் தாளைத் திருப்புவது போலப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்க உருவமும் நேராக நிற்க வேண்டும். நம் காசுகளில் இரு பக்கங்களின் தலைப்பும் ஒரே திசையில் அமையும். மறுபக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால், அச்சு தன் இடத்திலிருந்து திரும்பியிருந்தபோது அடித்த காசு அது. சில பாகை மட்டும் சாய்ந்திருப்பதற்குப் பெரிய மதிப்பில்லை. 90 பாகையோ 180 பாகையோ திரும்பியிருந்தால் எடுத்து வைக்கலாம். லென்ஸ் இல்லாமலேயே, தேநீர்க் கடையில் மீதிச் சில்லறை வாங்கும் நேரத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது என்பதால், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கிறேன்.

இரட்டைப் பதிவு

அதிகமான ஏமாற்றம் நிகழும் இடம் இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. எழுத்தோ எண்ணோ இரண்டாகத் தெரிவதற்கு நான்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிப்பது டபுள் டை எனப்படும் இரட்டை அச்சு. சில்லறையில் மிக அதிகமாகக் கிடைப்பதோ அதைப் போலவே தோன்றும் இயந்திர அதிர்வுப் பதிவு.

இரட்டை அச்சு உருவாவது காசு அடிக்கும்போது அல்ல, அச்சைத் தயாரிக்கும்போது. மேடான உருவம் கொண்ட மூல அச்சை, மென்மையாக்கிய எஃகுத் துண்டின் மீது அழுத்தித்தான் காசடிக்கும் அச்சைச் செய்கிறார்கள். பழைய முறையில் உருவம் முழுமையாக இறங்குவதற்கு இந்த அழுத்தலை ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்தார்கள்; இரண்டாம் முறை அழுத்தும்போது மூல அச்சு மயிரிழை அளவு திரும்பியிருந்தாலும் எழுத்துகள் இரட்டையாக அச்சில் பதிந்துவிடும். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசும் அதே இரட்டிப்பை, அதே திசையில், அதே அளவில் காட்டும். உலகில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் காசு: லிங்கன் தலை இருக்கும் பக்கத்தில் ஆண்டெண்ணும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்; மறுபக்கம் வழக்கம் போலத் தெளிவாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இரட்டிப்பது, குறை அந்தப் பக்கத்து அச்சில் இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஒரே அழுத்தலில் அச்சு செய்யும் இக்காலத்திலும் இரட்டை அச்சு அறவே இல்லாமல் போகவில்லை. ஆனால் இரட்டிப்பு மிகச் சிறிதாக, பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில் காணப்படுகிறது.

இயந்திர அதிர்வுப் பதிவு இதற்கு நேர்மாறானது. அச்சு தன் இடத்தில் இறுக்கமாக அமராமல் தளர்ந்திருந்தால், அடித்து முடித்துக் காசை விட்டு விலகும் நொடியில் அது சற்றே அசைகிறது. அந்த அசைவு, ஏற்கெனவே எழும்பி நிற்கும் எழுத்தின் ஒரு பக்கத்தை நசுக்கிவிடுகிறது. புதிதாக இரண்டாவது எழுத்து பிறப்பதில்லை. இருக்கும் எழுத்திலிருந்தே ஒரு பகுதி வழித்துத் தள்ளப்படுகிறது.

இப்போது ஆண்டெண்ணின் ஓர் இலக்கத்தை மட்டும் லென்ஸின் கீழ் வைத்துப் பார்ப்போம். பக்கவாட்டு வெளிச்சத்தில் '1' என்ற இலக்கத்துக்கு அருகில் தாழ்வாக ஒரு தட்டையான படி தெரிந்து, காசைச் சுழற்றும்போது அந்தப் படி முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி அணைந்தால், அது நசுங்கிய உலோகம், இயந்திர அதிர்வு. மேலே எஞ்சியிருக்கும் இலக்கத்தின் அகலத்தையும் கவனிக்க வேண்டும்: அதே ஆண்டில் அதே நாணயச்சாலையில் அடித்த சாதாரணக் காசை அருகில் வைத்தால், இந்தக் காசின் இலக்கம் மெலிந்திருப்பது தெரியும். மாறாக, இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு, இரண்டுக்கும் இடையே தெளிவான பிரிகோடு இருந்து, எழுத்தின் முனைகளில் கூரிய பிளவு தெரிந்து, மொத்த அகலம் சாதாரணக் காசைவிடக் கூடியிருந்தால் இரட்டை அச்சாக இருக்கலாம். மெலிந்தால் அதிர்வு, தடித்தால் அச்சு என்பதே நான் முதலில் பார்க்கும் அடையாளம். அதன் பிறகும் ஐயம் இருந்தால் அதே இரட்டிப்புடன் இன்னொரு காசு கிடைக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டு காசுகளில் இரட்டிப்பு சற்றும் மாறாமல் ஒத்திருந்தால் நம்பிக்கை வலுப்படும். இரண்டிலும் அளவு வேறுபட்டால் அது அதிர்வே.

மூன்றாவது காரணம் அச்சின் முதுமை. ஆயிரக்கணக்கான காசுகளை அடித்துத் தேய்ந்த அச்சில் எழுத்துகளின் கரை மழுங்கி அகன்றுவிடும். காசில் எழுத்தைச் சுற்றி ஊதிப்போன நிழல் போன்ற ஒன்று தெரியும், பெரும்பாலும் விளிம்பை நோக்கியிருக்கும். கூர்மையான பிரிகோடு இராது, தரைப்பரப்பும் சொரசொரப்பாக இருக்கும். இதைத் தயங்காமல் சில்லறைப் பைக்கே திருப்பிவிடலாம்.

நான்காவது, காசே இருமுறை அடிபடுவது. ஒருமுறை அடித்த காசு வெளியேறாமல் நின்று, மறுமுறையும் அச்சுகளுக்கிடையே மாட்டிக்கொள்ளும்போது இது நேர்கிறது. இங்கே ஓர் எழுத்து மட்டும் இரட்டிக்காது; உருவம் முழுவதும், வழக்கமாக இரு பக்கங்களிலும், இடம் மாறிப் பதிந்திருக்கும். இரண்டாவது அடி காசின் ஓரத்தில் மட்டும் விழுந்திருந்தால் காசு வட்ட வடிவத்தையே இழந்திருக்கும். இத்தகைய காசு அரிது. கிடைத்தால் அடையாளம் காண லென்ஸ் தேவைப்படாது.

வில்லையிலும் அடிப்பிலும் நேரும் பிழைகள்

தகட்டை வெட்டும் கருவி, முன்பு வெட்டிய துளையின் மீது சற்றே ஏறி வெட்டினால், பிறை வடிவில் ஒரு பகுதி குறைந்த வில்லை கிடைக்கும். அரத்தால் தேய்த்தும் இப்படி ஒரு வெட்டை எவரும் உண்டாக்கலாம் என்பதால், இங்கே கவனிக்க வேண்டியது வெட்டை மட்டும் அல்ல, அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பையும்தான். விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் வில்லை இரு பக்கமும் அழுத்தப்பட்டு உருளுகிறது. ஒரு பக்கத்தில் உலோகம் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காமல் அங்கே விளிம்பு மங்கிப்போகும். உண்மையான வெட்டுள்ள காசுகளில் பெரும்பாலானவற்றில் இந்த மங்கலைக் காணலாம். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சற்றே இழுபட்டு வழிந்திருக்கும். அரத்தால் தேய்த்த காசில் அவை நறுக்கென்று அறுபட்டு நிற்கும்.

வில்லை நடுவில் அமராமல் விலகியிருந்தால், உருவத்தின் ஒரு பகுதி வெளியே போய், பிறை வடிவில் வெற்றிடம் தெரியும். விலகல் அதிகமாகி, ஆண்டெண்ணும் முழுமையாக இருந்தால் சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்புவார்கள். காலர் வளையம் இடத்தில் இல்லாமல் அடித்த காசில் உருவம் முழுதாக இருக்கும், ஆனால் காசு அகன்று பரவியிருக்கும், எடை மாறாது. தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும் அகன்றுதான் இருக்கும் என்றாலும், அதில் எழுத்துகள் தட்டையாகி நீண்டிருக்கும், இதில் எழுத்துகள் முழு உயரத்துடன் நிற்கும்.

அடித்த காசு மேல் அச்சில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மீது தானே அச்சாகப் பதிந்தால், அந்த வில்லையின் ஒரு பக்கத்தில் மறுபக்க உருவத்துக்குப் பதிலாகக் கண்ணாடியில் தெரிவது போன்ற குழிந்த உருவம் கிடைக்கும். பட்டறைக் கிடுக்கியில் இரண்டு காசுகளை ஒன்றாக வைத்து நெருக்கியும் இதைப் போலியாகச் செய்கிறார்கள். அப்போது குழிந்த உருவத்தின் அடியில் பழைய உருவத்தின் எச்சம் நசுங்கிக் கிடப்பதைக் காணலாம்.

அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் எழுத்து மங்கும் அல்லது மறையும். அச்சு விரிந்தால் மேடான கோடு, விளிம்பில் உடைந்தால் வடிவமற்ற மேடு. வில்லை இல்லாமல் இரண்டு அச்சுகளும் மோதிக்கொண்டால், மறுபக்க உருவத்தின் மெல்லிய கோடுகள் இடவலம் மாறி வெற்றுப் பரப்பில் தோன்றும். இவை எல்லாம் உண்மையான பிழைகளே, ஆனால் பிசுக்கால் மங்கிய எழுத்துக்கு மதிப்பு மிகக் குறைவு.

பத்து ரூபாய், இருபது ரூபாய் காசுகளில் நடுவட்டமும் வெளிவளையமும் வெவ்வேறு உலோகம். நடுவட்டம் விலகியிருக்கும் காசைக் கண்டால் இரு உலோகங்களும் சேரும் கோட்டின் மீது லென்ஸை வைக்க வேண்டும். அடிக்கும்போதே விலகியிருந்தால் உருவத்தின் கோடுகள் ஒரு உலோகத்திலிருந்து மற்றொன்றுக்கு முறியாமல் கடந்து செல்லும். பின்னர் தட்டிக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருந்தால் கோடுகள் அந்த இடத்தில் முறிந்து, சுத்தியலோ திருப்புளியோ பட்ட தடமும் இருக்கும்.

பிழை என்று தவறாகக் கருதப்படுபவை

எடையையும் குறுக்களவையும் அறியாமல் "மாற்று வில்லையில் அடித்த காசு", அதாவது வேறொரு காசுக்கான வில்லையில் அடித்தது, என்று எதையும் சொல்லக்கூடாது. 2011-இல் வந்த ரூபாய்க் குறியீடுள்ள வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். இரண்டு ரூபாய் 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். ஐந்து ரூபாய் 6 கிராம், 23 மில்லிமீட்டர். பத்து ரூபாய் 7.71 கிராம், 27 மில்லிமீட்டர். இங்கே ஒரு பொறி இருக்கிறது: 1992 முதல் புழங்கிய எஃகு ஒரு ரூபாயும் அதே 4.85 கிராம், 25 மில்லிமீட்டர்தான். பழைய ஒரு ரூபாயையும் புதிய இரண்டு ரூபாயையும் ஒன்றின் மீது ஒன்று வைத்துப் பார்த்து, அளவு ஒத்திருப்பதால் ஏதோ மாறி அடித்துவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது திட்டமிட்ட அளவே. 2019-இல் தானியக் கதிர் வடிவமைப்புடன் அறிவித்த வரிசையில் ஒரு ரூபாய் 3.09 கிராமாகவும் 20 மில்லிமீட்டராகவும் சுருங்கியது.

2007, 2008 ஆண்டுகளின் வெள்ளை நிற ஐந்து ரூபாய் காந்தத்தில் ஒட்டும். முந்தைய 9 கிராம் செம்பு நிக்கல் காசு ஒட்டாது. இரண்டும் முறையாக வெளியிட்டவைதான். பத்து ரூபாய்க் காசை வாங்க மறுக்கும் கடைகளில் எழும் வாக்குவாதமும் இதே வகையைச் சேர்ந்தது. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வெளிவந்த 14 வடிவமைப்புகளும் செல்லும் என்று தெளிவாக அறிவித்தது. 1995-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளிவந்த திருவள்ளுவர் காசையும், 2003-இன் காமராசர் ஐந்து ரூபாயையும், 2013-இன் விவேகானந்தர் ஐந்து ரூபாயையும் குமரிக்காரர்கள் விரும்பிச் சேர்ப்பது இயல்பு. அவை நினைவு நாணயங்கள், பிழைக்காசுகள் அல்ல.

கடற்கரை மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. அலையடிக்கும் மணலில் நெடுநாள் கிடந்த காசில் எழுத்துகள் மங்கி, பிசுக்கு அடைத்த அச்சில் அடித்தது போலத் தோன்றும். தராசில் வைத்தால் உண்மை தெரிந்துவிடும்: மணல் அரித்த காசில் எழுத்தும் வெற்றுப் பரப்பும் ஒரே சீராகத் தேய்ந்து எடை குறைந்திருக்கும், பிசுக்கால் எழுத்து மறைந்த காசுக்கு முழு எடை இருக்கும். அமிலத்தில் ஊறவைத்து மெலிய வைத்த காசும் எடையிலேயே பிடிபடும்.

பழைய வீடுகளின் பெட்டிகளில் கிடைக்கும் சக்கரம் எனப்படும் சிறு வெள்ளித் திருவிதாங்கூர்க் காசுகளை இந்த அளவுகோலால் பார்க்கக்கூடாது. கையால் அடித்த காலத்துக் காசில் உருவம் விலகுவதே வழக்கம்.

எடுத்து வைத்த காசைக் காப்பதும் விற்பதும்

புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதையும் காசின் மீது தேய்க்கக் கூடாது. வீட்டுப் பித்தளைக்குப் பொருந்தும் புளி, காசின் மேற்பரப்பை அரித்து, பிழையை நிரூபிக்கும் நுண்ணிய தடயங்களையும் அழித்துவிடும். குங்குமமும் சந்தனமும் படிந்த உண்டியல் காசாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேரும் நம் பகுதியில் ஈரம்தான் பெரிய எதிரி. காசுகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். மலிவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் காசைக் கருக்கச் செய்யும், ஆகவே காசுக் கட்டுகளை அதனால் கட்டக் கூடாது.

விற்பனை பற்றிப் பேசும்போது எனக்குக் கவலை எழுகிறது. வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த காசுக்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று பரவும் செய்தியை நம்பி, முன்பணம் கட்டி இழப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய காசையும் நோட்டையும் வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை என்றும், அதற்காக எந்தக் கட்டணமும் தரகும் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். காசை உருக்குவதையும் அழிப்பதையும் 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடை செய்கிறது. "பிழை" உண்டாக்குவதற்காகக் காசைச் சிதைக்கும் வேலையில் பிள்ளைகள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்த ஒருவரிடம் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு காசுக்கும் ஒரு குறிப்பு எழுதி உறையுடன் வையுங்கள். மதிப்பு, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, குறுக்களவு, காந்தத்தில் ஒட்டுகிறதா என்பது, பிழை இருக்கும் பக்கம், இரட்டிப்பானால் அதன் திசை, எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று நீங்கள் கருதுவதற்கான காரணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது இரு பக்கங்களையும் ஓரத்தையும் எடுத்து, அதே ஆண்டின் சாதாரணக் காசு ஒன்றையும் அருகில் வைத்து, ஒளி விழும் திசையை மாற்றி மேலும் ஒரு படம் எடுங்கள். இயந்திர அதிர்வின் தட்டையான படி அந்த இரண்டாவது படத்தில்தான் பிடிபடும்.